வில்லை நின்ற வட்டம்

கீழ்த்திசை மாடங்களின் முகடு தாண்டி ஏறிய இளவெயில், முதலில் நீர்த்தொட்டிகளின் தலையைத் தொட்டு, பின்னர்க் கொடிகளில் உலரும் சட்டைகளின் கைகளைப் பிடித்துக்கொண்டு கீழிறங்கி, கடைகளின் இரும்புக் கதவங்கள் ஒவ்வொன்றாய் முழங்கி மேலேறும் தெருவில் குதித்து, மிதிவண்டிச் சக்கரங்களில் சுழன்று, தேநீர்க்கடைக் குவளைகளில் நீராடி, இவ்வாறு எவருடைய ஒப்புதலும் கேளாமல் எங்கும் நுழைந்து திரிந்துவிட்டு, அத்தெருவின் கோடியில் நின்ற ஒரு பெருங்கட்டடத்தின் முன் வந்ததும் மட்டும் அழையா விருந்தினர் போலத் தயங்கி நிற்கும் காலை வேளை. அக்கட்டடத்தின் சாளரங்களில் பாதிக்குமேல் கரிய வண்ணம் பூசி அடைக்கப்பட்டிருந்தன. எஞ்சியவற்றில் தடித்த திரைகள் தொங்கின. வெயிலை வாயிலிலேயே நிறுத்தி, யார் நீ, எவரைக் காண வந்தாய் என்று வினவித் திருப்பியனுப்பும் இவ்விடம் சிறையோ, கருவூலமோ என்று எண்ணிவிடாதீர், கற்றறிந்த பெருமக்களே! அது ஒளியைப் பற்றி மூவாண்டுகள் பயிற்றுவிக்கும் ஒளிப்படக் கல்லூரி.

அங்குப் பயின்ற நூற்றிருபது மாணாக்கரும், பசுவின் கழுத்தில் மணி தொங்குவதுபோல் ஆளுக்கொரு படப்பெட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம், பெரும்பாலும் ஒருவரையொருவர், படம் பிடித்துக்கொண்டு திரிந்தனர். அவர்களுள் ஒருத்தியின் கழுத்து மட்டும் வெறுங்கழுத்தாய் இருந்தது. அவள், படப்பெட்டி தோன்றி ஊரெங்கும் பரவுமுன் மாந்தர் நிழலைத் தாளில் பிடித்த பழைய வழிகளைத் தேடிப் பயின்றாள். இரும்பு உப்பு தோய்ந்த தாளில் இலையை வைத்து, மேலே கண்ணாடி அழுத்தி, வெயிலில் கிடத்தி, நீரில் அலசி, நீலக்கடலில் வெள்ளிலை மிதக்கச் செய்வாள். பூவைப் பிழிந்த சாற்றைத் தாளில் தடவிப் பத்து நாள் வெயிலில் வெளிறவிட்டு, வெளிறாத இடத்தை உருவமாக்குவாள். உப்பும் வெள்ளிக் கரைசலும் மாறி மாறிப் பூசி, பின்னல் துணியொன்றின் நிழலை நரம்பு நரம்பாய்த் தாளில் பதிப்பாள். வெள்ளிக் கரைசல் பட்ட விரல் வெயில் பட்டதும் கறுத்துப்போகும். எத்தனை முறை கழுவினும் தோல் உரியும்வரை அக்கறுப்பு போகாது. எனவே உடன்பயின்றோர் அவளுக்குக் கறைக்கை என்று பெயரிட்டிருந்தனர். பெற்றோர் இட்ட பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் வாழ்ந்துவந்தது.

"ஏண்டி, இலை, உப்பு, எலுமிச்சம்பழம்... இது லேபா, இல்ல உங்க அக்கா வீட்டு அடுப்படியா?" என்று ஒருத்தி கேட்பாள்.

"கேமராவே இல்லாம மூணு வருஷம் ஓட்டிட்டா. நம்மளும் புத்தகம் இல்லாம ஓட்டுறோம், யாராவது பாராட்டுறாங்களா?" என்று இன்னொருவன் வருந்துவான்.

நகையாடல் ஒருபுறமிருக்க, உண்மையில் அவர்கள் அவளை ஐயுற்றனர். விளங்காத தொழிலைச் செய்பவரை விளங்கும் குற்றத்தோடு இணைத்துப் பார்ப்பது கற்றோர் குழாத்துக்கும் உள்ள பழைய பழக்கம். அவள் ஏன் எப்போதும் கைப்பையில் கண்ணாடித் துண்டு வைத்திருக்கிறாள்? ஏன் முகிலைக் கண்டால் கெட்ட சொல் முணுமுணுக்கிறாள்?

வீட்டிலும் இதே நிலைதான். மணமான தமக்கையின் வீட்டில் தங்கிப் பயின்ற அவள், விடுமுறை நாளெல்லாம் உச்சிப்பொழுதில் மொட்டைமாடிக்கு ஏறுவதும், அங்கே வாய்க்குள் எண்ணிக்கொண்டே நிற்பதும், திடீரெனக் கீழே ஓடிவருவதும் தமக்கையின் கண்ணுக்குத் தப்பவில்லை.

"லீவுன்னா பன்னெண்டு மணிக்கு யாரைப் பாக்கடி மாடிக்குப் போற?"

"வெயிலைப் பாக்க, அக்கா."

"வெயிலு நம்ம வாசல்லயும்தான் அடிக்குது. எதிர்வீட்டு மாடியில யாரு நிக்கிறான்னு கேக்குறேன்."

எதிர்வீட்டு மாடியில் ஒரு நீர்த்தொட்டி நின்றது. தமக்கை அதையும் சிலநாள் கண்காணித்துப் பார்த்தாள்.

அவ்வாண்டின் இறுதித்தேர்வு பத்துப் படங்களைக் கேட்டது. ஒன்பது முடிந்துவிட்டன. பத்தாவதற்கு அவள் ஒரு வேடிக்கையான எண்ணம் கொண்டிருந்தாள். ஊரையெல்லாம் பார்க்கும் கருவிகளை ஒருமுறை ஒரு தாள் பார்க்கட்டும் என்பதே அது. காலங்கடந்து கழிக்கப்பட்ட பழைய ஒளித்தாள் ஒன்று இருட்டறையின் மூலையில் அவளுக்குக் கிடைத்தது. அத்தகைய தாளை எதையும் செய்யாமல் வெளிச்சத்தில் கிடத்தினாலே போதும். ஒளி பட்ட இடம் இளஞ்சிவப்பாகி, ஊதாவாகி, நாட்பட நாட்படப் பழுப்பேறிக் கறுக்கும். மேலே எப்பொருள் நின்றதோ அப்பொருளின் அடி மட்டும் வெளிறிக் கிடக்கும். பின்னர் நிலைப்புக் கரைசலில் தோய்த்தால் உருவம் நிலைபெறும். தோய்க்கும்வரை அது பக்குவப்படாத தாளே. வெளிச்சம் காட்டக் காட்டக் கறுத்துக்கொண்டே போகும்.

கருவிகள் வாழ்ந்த பொருட்கிடங்கின் மேற்குச் சாளரத்துக்கு எதிரே நெடிய கண்ணாடிப் பேழையொன்று நின்றது. அதன் மேல்தட்டில், கல்லூரியின் குலக்கொழுந்து போல, பித்தளை உடலும் கைக்குழந்தையின் எடையும் கொண்ட லென்ஸ் எனப்படும் பழம்பெரும் வில்லையொன்று மூடி போட்டு வீற்றிருந்தது. அக்கிடங்கின் காப்பாளர் ஐயத்தையே ஊதியம் இல்லாத இரண்டாம் தொழிலாய்க் கொண்ட நெடிய மெலிந்த மனிதர். கதவைப் பூட்டியதும் பூட்டை மூன்றுமுறை இழுத்துப் பார்ப்பார். பத்தடி நடந்தபின் பூட்டு தம்மை ஏமாற்றியிருக்குமோ என்று திரும்பி வந்து நான்காம் முறை இழுப்பார். தம் தோளில் துண்டு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் அவருக்கு வழக்கம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் அவரிடம் சென்றாள்.

"அண்ணே, மேல்தட்டுல ஒரு தாள் விரிச்சுக்கவா? ஒரு வாரம் இருக்கட்டும்."

"விரிம்மா, விரி. தூசியாவது படியாம இருக்கும். இந்தக் காலேஜ்ல இதையெல்லாம் யாரு யோசிக்கிறா?" என்று நெகிழ்ந்த காப்பாளர், அவள் தட்டைத் தூய்மை செய்வதாகவே கருதிப் பதிவேட்டில் அவள் வருகையைக் குறித்துக்கொண்டார். சாளரக் கதவங்களை அடைத்து, அரையிருளில் கரும்பையிலிருந்து தாளை எடுத்து விரித்து, பெருவில்லையையும் சிறுகருவிகள் சிலவற்றையும் அதன்மேல் நிறுத்தி, பின்னர்க் கதவங்களைத் திறந்துவிட்டு அவள் வெளியேறினாள். அவ்வளவே நடந்தது.

காப்பாளர் வாரந்தோறும் சனிக்கிழமை காலையில் கிடங்குப் பொருள்களை எண்ணுவார். அச்சனிக்கிழமையும் எண்ணினார். எண்ணியவர் மறுபடி எண்ணினார். பின்னர்த் தம் கண்களையே ஐயுற்று, கைகளால் தடவித் தடவி எண்ணினார். மேல்தட்டில் பெருவில்லை இல்லை. உள்ளே இறங்கிய இடியை வெளியே காட்டாமல், சாளரங்களை அடைத்து, கதவைப் பூட்டி, பூட்டின்மேல் தாள்பட்டை ஒட்டிக் கையெழுத்திட்டு, அதன் பின்னரே தலையில் கைவைத்துக்கொண்டு முற்றத்தில் அமர்ந்தார்.

அன்று நண்பகலுக்குள் அக்கல்லூரியில் ஐயம், குழாய் உடைந்த வீட்டில் நீர் பரவுவதுபோல், எல்லா அறைக்குள்ளும் புகுந்துவிட்டது. பைகளைத் திறந்து போட்டுவிட்டு உண்ணச் சென்றோர் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உண்டனர். மூன்றாம் ஆண்டினர் முதலாம் ஆண்டினரையும், முதலாம் ஆண்டினர் மூன்றாம் ஆண்டினரையும், இரண்டாம் ஆண்டினர் நடுவுநிலை தவறாமல் இருசாராரையும் ஐயுற்றனர். ஆனால் நீர் எங்கே பரவினும் இறுதியில் பள்ளத்தில்தானே தேங்கும்? அவ்வாரம் முழுதும் பதிவேட்டில் கிடங்கினுள் நுழைந்ததாய் ஒரே பெயர்தான் இருந்தது, அதுவும் செவ்வாய்க்கிழமை. வில்லையே வேண்டாத தொழில் பயில்பவள் வில்லையை எதற்கு எடுப்பாள் என்று ஒருவன் மட்டும் கேட்டான். அப்படி எல்லாரும் நினைக்க வேண்டும் என்பதுதான் அவள் சூழ்ச்சி என்று விடை வந்தது. அதற்குமேல் அவனும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் துறைத்தலைவர் அறையில் உசாவல் நிகழும் என்றும், குற்றம் உறுதிப்பட்டால் மாணவியின் பெயர் கல்லூரி ஏட்டிலிருந்து நீக்கப்படும் என்றும் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அண்மைக்காலமாகத் துறைத்தலைவரின் கட்டளைப்படி அறிவிப்புகள் எல்லாம் விரற்கடை அளவு எழுத்தில்தான் வந்துகொண்டிருந்தன. ஆகையால் அவளது இழிவைத் தெருவில் சென்றோரும் நின்று படிக்க முடிந்தது.

ஞாயிறன்று தமக்கை கதவைச் சாத்திவிட்டு எதிரே அமர்ந்தாள்.

"எங்கிட்ட மறைக்காத. எடுத்தியா?"

"எடுக்கல அக்கா."

"அப்புறம் ஏண்டி கை இப்படிக் கறுத்துக் கெடக்கு?"

"அது வெள்ளிக்கா."

"வெள்ளியா!" தமக்கை நெஞ்சில் கைவைத்தாள். "அதை எங்கேருந்துடி எடுத்த?"

விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பாதி விளங்கிய தமக்கை எலுமிச்சம்பழத்தோல் கொண்டுவந்து, தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிடித்துத் தேய்த்தாள். கறை போகவில்லை, கையை அவள் நெடுநேரம் விடவும் இல்லை.

தங்கையின் உள்ளமோ வேறோர் இருளில் உழன்றது. எடுத்தவர் யார்? சாவி எவரிடம் இருந்ததோ அவர்தான். தாள் விரிக்கக் கேட்டபோது அத்தனை எளிதாய் ஒப்பியது ஏன்? பதிவேட்டில் அவள் பெயரை மட்டும் அத்தனை அழகாய் எழுதிவைத்தது ஏன்? பூட்டை நான்குமுறை இழுப்பவரிடமிருந்து பொருள் எப்படிப் போகும், அவரே எடுத்தாலன்றி? இப்படி, தன்னை ஐயுற்றோரை நொந்துகொண்டே அவளும் ஐயுறக் கற்றுக்கொண்டாள். அப்போதுதான் அத்தாள் நினைவுக்கு வந்தது. வில்லையின் அடியில் அது கிடந்ததே! செவ்வாயன்றே வில்லை போயிருந்தால், அது நின்ற இடமும் மூன்று நாள் வெளிச்சம் குடித்துக் கறுத்திருக்கும். பிந்திப் போயிருந்தால் அவ்விடம் வெளிறியிருக்கும். பேசாத தாளொன்று பேழைக்குள் உண்மையை வைத்துக்கொண்டு படுத்திருந்தது.

திங்களன்று துறைத்தலைவரின் அறையில் மூவர் அமர்ந்திருந்தனர். நடுவில் கல்லூரி முதல்வர். பூச்சியியல் கற்று, பூச்சிகளைப் பற்றிப் பெருநூல் இயற்றி, எவ்விதத் தொடர்புமின்றி இக்கல்லூரிக்கு மாற்றப்பட்டவர். எவரைப் பார்த்தாலும் ஊசியால் குத்தி அட்டையில் பதிக்கத் தகுந்த இடம் எது என்று தேடுவார்போல் பார்ப்பவர். அவருக்கு வலப்புறம் துறைத்தலைவர். முப்பதாண்டுகள் இருட்டறையில் வாழ்ந்து, மாணாக்கரின் படங்களை நெடுநேரம் முகத்தருகே பிடித்து நோக்கி "ம்" என்று மட்டும் உரைப்பவர். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டு வணங்குவோரைப் பார்க்காமலே கடந்து செல்வதால் கடுமையானவர் எனப் பெயரெடுத்தவர். ஓரத்தில் காப்பாளர், பதிவேட்டை மார்போடு அணைத்தபடி.

மாணவி தாளைப் பற்றிக் கூறினாள். மூவரும் எழுந்து சென்று, பூட்டின்மேல் ஒட்டிய பட்டை கிழியாதிருப்பதைக் கண்டு, கதவம் அடைத்த கிடங்கினுள் நுழைந்தனர். முதல்வர் பார்த்திருக்கவே அவள் தாளை உருவிக் கரும்பையில் இட்டாள். மீண்டும் துறைத்தலைவரின் அறை. திரைகள் இழுக்கப்பட்டன. மங்கிய இருளில் மேசைமேல் அவள் தாளை விரித்தாள்.

பழுப்பும் ஊதாவும் கலந்த அந்திவானம் போன்ற பரப்பில், சிறுகருவிகளின் அடிச்சுவடுகள் மங்கலாய்ச் சிதறிக் கிடக்க, நடுவே ஒரு வட்டம், நிலவு போல் வெளிறி, சாளரத்துக்கு எதிர்ப்புறம் நிழலின் வால் நீண்டு, தெளிவாய்த் தெரிந்தது.

"சார், இங்கதான் லென்ஸ் நின்னுச்சு. செவ்வாக்கிழமையே யாராவது எடுத்திருந்தா இந்த வட்டமும் கறுத்திருக்கும். இவ்வளவு வெளுப்பா இருக்குன்னா, வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரைக்கும் அது எடத்தை விட்டு அசையல. செவ்வாய்க்கு அப்புறம் நான் கிடங்கு வாசல்பக்கமே வரல."

முதல்வர் குனிந்து, அரிய வண்டொன்றைக் கண்டவர்போல் வட்டத்தை நோக்கினார். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் ஊசி வேறுபுறம் திரும்பியது.

"அப்படின்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

காப்பாளர் பதிவேட்டை இன்னும் இறுக அணைத்தார். "எங்கிட்டதான்யா இருந்துச்சு. எப்பவும் எங்கிட்டதான் இருக்கும்." பின்னர் மெல்ல அவள்பக்கம் திரும்பினார். "ஏம்மா... நான் உனக்கு என்ன பண்ணேன்? தாளை விரிச்சுக்கன்னு சொன்னேன். வேற என்ன பண்ணேன்?"

ஞாயிறு முழுதும் தான் எதிர்நோக்கிய நொடி அதுதான். ஆயினும் அவளால் அதில் மகிழ முடியவில்லை. தன் கழுத்திலிருந்து கழன்ற கயிறு காற்றில் மிதக்காமல் இன்னொருவர் கழுத்தில் போய் விழுந்ததைக் கண்டாள். அந்த முகத்தில் களவின் சாயல் சிறிதும் இல்லை. பூட்டை ஐந்தாம் முறை இழுத்துப் பார்க்காமல் போனோமே என்னும் வருத்தம் மட்டுமே இருந்தது.

துறைத்தலைவர் கனைத்தார். "இருட்டுல காட்டுறதை வெச்சு எப்படி முடிவு பண்றது? எனக்கு ஒண்ணும் தெளிவாப் படல. திரையைத் திற."

"வேணாம் சார்! இது இன்னும் கழுவாத தாள். வெளிச்சம் பட்டா வட்டம் அழிஞ்சிடும். ரெண்டு நிமிஷம் கொடுங்க, கரைசல்ல நனைச்சுக் கொண்டுவர்றேன்."

"தனியா எடுத்துட்டுப் போய் நனைப்பியா?" முதல்வரின் புருவம் உயர்ந்தது. "உண்மைன்னா வெளிச்சத்துக்கு ஏம்மா பயப்படணும்?"

எவ்வளவு அழகிய சொல்! கல்வெட்டில் பொறிக்கத் தக்கது. அத்தாளின் இயல்புக்கு மட்டும் முற்றிலும் பொருந்தாதது. அவள் தடுக்கக் கைநீட்டுமுன் துறைத்தலைவர் திரையை இழுத்துவிட்டார். பதினொன்றரை மணி வெயில், இத்தனை ஆண்டுகள் வாயிலில் நிறுத்தப்பட்ட சினமெல்லாம் சேர, மடையுடைத்த வெள்ளமாய் அறைக்குள் பாய்ந்தது. அவர் தாளை எடுத்துச் சாளரத்தருகே பிடித்து, வட்டம் என்பது சுண்ணாம்புப் பூச்சோ என்று தம் இடக்கைக் கட்டைவிரலை அதன் நடுவில் அழுத்தி ஊன்றினார். வெளிறிய நிலவு நாணியது போல் சிவந்தது, சிவந்தது ஊதாவாயிற்று. மாணவி கண்களை மூடிக்கொண்டாள். அவளது ஓராண்டும், அவளது ஒரே சான்றும் அங்கே வெயிலில் கரைந்துகொண்டிருந்தன.

"ம்... ஒண்ணும் தெரியலையே," என்றார் அவர். அருகில் பிடித்தார், தொலைவில் பிடித்தார், தலையைச் சாய்த்தார். பின்னர், மூக்குக்கண்ணாடி தேடுபவரின் கை சட்டைப்பைக்குத் தானே செல்வதுபோல், அவரது வலக்கை பின்னே நீண்டு, மேசையின் இழுப்பறையைத் திறந்து, உள்ளே துழாவி, பித்தளைப் பொருள் ஒன்றை இருகையும் வேண்டும் எடையென்றாலும் பழகிய எளிமையோடு ஒருகையில் தூக்கி வந்து, மூடியைப் பல்லால் கழற்றி, தாளின்மேல் பிடித்தது. அவர் குனிந்து அதனூடே நோக்கினார்.

முதல்வரின் பார்வை வட்டத்தை விட்டு அந்தப் பித்தளையில் போய்க் குத்தி நின்றது.

"ஐயா," என்றார் காப்பாளர். "ஐயா... அந்த லென்ஸு..."

"கொஞ்சம் இருப்பா. பாத்துக்கிட்டு இருக்கேன்ல."

தாளிலிருந்து மெல்லிய நூல்போல் ஒரு புகை எழுந்தது. வெயிலை வில்லை ஒருபுள்ளியில் குவித்து, கட்டைவிரலுக்கு அருகே தாளைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. மணம் மூக்கில் ஏறிய பின்னரே துறைத்தலைவர் நிமிர்ந்தார்; மூவரின் முகங்களையும் மாறி மாறி நோக்கினார்; தம் கையை நோக்கினார். கையிலிருந்த வில்லை, பட்டப்பகலில், பித்தளை பளபளக்க, எவ்வித வெட்கமுமின்றி ஒளிர்ந்தது. அதை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டு, இருக்கையைக் கையால் தடவிப் பார்த்து அமர்ந்தார்.

"இன்னொரு சாவி எங்கிட்ட எப்பவுமே உண்டு," என்றார். எவரும் அவரை ஐயுறவில்லை. ஆகவே எவருக்கும் அது நினைவுக்கு வந்ததில்லை. "கேள்வித்தாள் அச்சு வந்துச்சு, வெள்ளிக்கிழமை. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி. நாலு மாசமாவே அப்படித்தான். சனிக்கிழமை காலையில வெச்சிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஊரைக் கூட்டிட்டீங்க. லென்ஸை எடுத்தேன்னு சொன்னா எதுக்குன்னு கேப்பீங்க. படம் சொல்லிக்கொடுக்கிறவனுக்குக் கண்ணு போயிட்டு வருதுன்னு எந்த வாயால சொல்றது?"

"அதுக்காக இந்தப் பொண்ணு பேரை அடிச்சுட்டுப் போக விட்டிருப்பீங்களா?" என்றார் காப்பாளர். அவர் வாழ்நாளில் மேலவரிடம் கேட்ட முதற்கேள்வி அதுவாக இருக்கலாம்.

துறைத்தலைவர் மேசையைத் தடவி மூடியைத் தேடியெடுத்து வில்லையின்மேல் பொருத்தினார். அக்காட்சி ஒருபுறம் இரங்கத்தக்கதாகவும் மறுபுறம் பொறுக்கலாகாததாகவும் இருந்தது. எந்தப்புறம் நிற்பது என்று தெரியாமல் மாணவி தன் கறுத்த விரல்களை நோக்கிக்கொண்டிருந்தாள்.

முதல்வர் தொண்டையைச் செருமி, உசாவல் முடிவை எழுதச் சொன்னார். "பெருவில்லை எக்காலத்தும் தொலைந்திலது, இடைப்பட்ட நாள்களில் அது ஆய்வுப் பணியில் ஈடுபட்டிருந்தது." அதனினும் தூய தமிழில் ஒரு பொய்யை எழுதுதல் அரிது. ஆயினும் காப்பாளர் நிறைவடையவில்லை. பதிவேட்டை விரித்து, வெள்ளிக்கிழமைக்குரிய வரியைக் காட்டி, "இதுல ஒரு கையெழுத்து போடுங்கய்யா. நான் நிம்மதியாத் தூங்கணும்," என்றார். எழுதுகோலைப் பிடித்த துறைத்தலைவரின் கை தாளின்மேல் வழி தேடித் தடுமாறியபோது, காப்பாளரே தம் விரலை வரியின் தொடக்கத்தில் ஊன்றி, "இங்கய்யா," என்றார். அவ்விரலைத் தொட்டுக்கொண்டு கையெழுத்து இறங்கியது.

தாழ்வாரத்தில் மாணவி காப்பாளரைத் தொடர்ந்து ஓடினாள்.

"அண்ணே, மன்னிச்சிடுங்க. நேத்து முழுக்க நீங்கதான் எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"அதனால என்னம்மா? நான் முந்தாநாள்லேருந்தே நீதான்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்," என்றார் காப்பாளர் பெருந்தன்மையுடன். கிடங்கைப் பூட்டினார். மூன்றுமுறை இழுத்தார். பத்தடி சென்று நின்று, அவளைத் திரும்பிப் பார்த்து, சற்றே நாணி, பூட்டிடம் திரும்பிவராமலே நடந்து போனார். வளைவில் மறைந்தபின் அவர் வேறு வழியாய்ச் சுற்றிவந்து இழுத்துப் பார்த்தார் என்பது கதைக்கு வேண்டாத செய்தி.

பொசுங்கிய தாளை அவள் எறியவில்லை. அன்றே இருட்டறைக்குக் கொண்டுசென்று, நிலைப்புக் கரைசலில் தோய்த்து, நெடுநேரம் நீரில் அலசி உலர்த்தினாள். மூன்று வாரங்கழித்துத் தேர்வு மேசைமீது ஒன்பது படங்களுக்குப் பின் பத்தாவதாய் அது கிடந்தது. மதிப்பிட வந்த துறைத்தலைவரின் முன்னால் பெருவில்லை இப்போது வெளிப்படையாய் வீற்றிருந்தது. காப்பாளர் அதைப் பதிவேட்டில் முறையாய் எழுதிக்கொடுத்ததோடு, அதன் கழுத்தில் கயிறு கட்டி மறுமுனையை மேசைக்காலில் முடிந்தும் வைத்திருந்தார். நோக்கத்தில் அன்பு எவ்வளவு, ஐயம் எவ்வளவு என்பது அவருக்கே தெரியாது.

கயிற்றை இழுத்து, வில்லையினூடே துறைத்தலைவர் நோக்கினார். நிலைபெற்றுவிட்ட தாள் இனி எவ்வெயிலுக்கும் அஞ்சவில்லை.

"இந்த ஓட்டை?"

"லென்ஸ் வழியா வெயில் சுட்டது சார்."

"நடுவுல வெள்ளையா, நீளமா, ஒண்ணு இருக்கே. அது என்னம்மா?"

"உங்க கட்டைவிரல் சார். சுத்தி எல்லாம் கறுத்துடுச்சு. நீங்க அழுத்திப் பிடிச்சிருந்த எடம் மட்டும்தான் பழைய வட்டத்துல மிச்சம். லென்ஸ் நின்னதுக்குச் சாட்சியும் இப்ப அது ஒண்ணுதான்."

அவர் வில்லையைக் கீழே வைத்தார். பின்னர் இடக்கையை நீட்டி, கட்டைவிரலை அவ்வெண்மையின்மேல் வைத்தார். உறைக்குள் வாள் சேர்வதுபோல் அது பொருந்தியது. மதிப்பெண் ஏட்டில் ஏதோ எழுதி, எழுதியதை மறைக்காமல் அவள்பக்கம் திருப்பி வைத்தார்.

"சரியா எழுதியிருக்கேனா பாரு," என்றார். "எனக்கு ஏழும் ஒண்ணும் ஒரே மாதிரி தெரியுது."

அவள் பார்த்தாள். சரியாகத்தான் எழுதியிருந்தார். அதே ஏட்டின் அடியில், நீண்ட விடுப்பு வேண்டி முதல்வருக்கு எழுதப்பட்ட மடலொன்று, விரற்கடை எழுத்தில், பாதி வெளியே தெரிந்தது. அதை அவள் பார்க்காதவள்போல் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை வீடு திரும்பியவளை வாயிலிலேயே நிறுத்தி, தேறிவிட்டாயா என்று தமக்கை கேட்கவில்லை. கைகளை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். தோல் உரிந்து, கறை ஓரளவு வெளிறியிருந்தது.

கற்றறிந்த பெருமக்களே! ஐயத்தோடு நோக்கும் நோக்கும் ஒரு வெயிலே. தான் படும் தாளைத் தானே கறுக்கச் செய்துவிட்டு, கறுப்பைக் கண்டுபிடித்தேன் என்று அது நாற்புறமும் கூறித் திரியும். அவ்வெயிலில் காப்பாளரும் மாணவியும் ஒருவரையொருவர் கறுக்கக் கண்டனர். தம் மங்கிய கண்ணை மறைத்தவரோ தம் விரலைத் தாளில் விட்டுச் சென்றார். பத்தாவது படம் இன்றும் அக்கல்லூரியின் தாழ்வாரத்தில் தொங்குகிறது. புதிதாய்ச் சேர்ந்தோர் அதன்முன் நின்று, இது எவருடைய விரலாயிருக்கும் என்று தமக்குள் வினவி, அருகில் நிற்பவரின் கையை மெல்ல ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கின்றனர்.